நாலாவது லேன்

குளம் சௌந்திரபாண்டியுடையது.
ஒட்டியிருக்கிற கல்யாண மண்டபமும் அவருடையதே.
முகூர்த்த நாளில் மோட்டாரை நிறுத்திவிடுவார்,
பந்திக்கும் பாத்திரத்துக்கும்
போர்த் தண்ணீர் பற்றாதென்று.
போன வைகாசியில் பதினோரு முகூர்த்தம்.
பதினோரு நாளும் எங்கள் பிள்ளைகள்
கரையில் தண்டால் எடுத்தார்கள்,
கெட்டிமேளத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு.

கழகத்தின் பெயர் எட்வின் மாஸ்டருடையது.
பதிவுச் சான்றிதழில் அவர் மனைவி தலைவர்,
மைத்துனர் செயலாளர்,
ஏழு உறுப்பினரில் இரண்டு பேர்
துபாயில் இருப்பதாகக் கேள்வி.

லேன் கயிறு எங்களுடையது.
இருபத்திரண்டு வீட்டார்
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு போட்டு வாங்கியது.
ரசீது என்னிடம் இருக்கிறது.
பொருளாளர் என்றால் வேறென்ன?
மஞ்சப்பையில் ரசீதோடு அலைகிறவள்.

விசில் யாருடையது, ஸ்டாப்வாட்ச் யாருடையது
என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆனி இரண்டாம் ஞாயிறு கேட்டார்கள்.
பந்திக்கூடத்தில் பொதுக்குழு.
மேசையில் முந்தின நாள் ரசத்தின் வாடை.
எட்வின் மாஸ்டர் விளாங்குடியில் வேறு குளம் பார்த்துவிட்டார்,
எட்டுப் பிள்ளைகள் கூடப் போகிறார்கள்.
“நான் கூட்டிட்டுப் போகல. அவங்களா வர்றாங்க.”
மாவட்டத்தில் பதக்கம் வாங்கிய அதே எட்டு.

கிளப் மாறினால் ஒரு வருஷம் போட்டிக்கு இறங்க முடியாதாம்.
அப்படியொரு விதியை யாரும் படித்ததில்லை,
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரும்புக்கடை மெகபூப் ஜான் எழுந்தார்:
“அப்ப கயித்த அவுத்துக்கிட்டுப் போறோம்.”
“தாராளமா. கொக்கியத் தொடாதீங்க,
அது செவுத்துல இருக்கு” என்றார் சௌந்திரபாண்டி,
பல் குத்திக்கொண்டே.

“எம்பொண்ணோட முப்பத்திரண்டு செகண்ட் யாருக்குச் சொந்தம்?”
அஃப்ரினின் அம்மா கேட்டாள்.
மின்விசிறி சுற்றியது.
மைத்துனர் கைபேசியைப் பார்த்தார்.

கணக்கு வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன்.
முதல் மூன்று லேனில் எட்டுப் பேர்,
பதக்கக்காரர்கள், பாதிக் கட்டணம்.
நாலாவது லேனில் பதினாலு பேர்,
என் மகன் ரெங்கபிரபுவும் அதில்தான்,
முன்னால் போகிறவனின் குதிகால் மூக்கில் இடிக்க
சுவரோரம் வரிசையாய்.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் இருபத்தோராயிரம்.
அதில் குளத்து வாடகை பதினெட்டு,
மீதி மூன்று குளோரின்.
மற்ற மூன்று லேனின் தண்ணீரையும்
நாலாவது லேன்தான் வாங்குகிறது என்று
நோட்டில் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிட்டேன்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
டீ வந்தது. டீயில் சர்க்கரை அதிகம்.
தீர்மானம் ஏதும் இல்லாமல் கையெழுத்துப் போட்டோம்.

திங்கள் அதிகாலை ஐந்தரைக்கு
எட்வின் மாஸ்டர் வந்துவிட்டார்.
விளாங்குடிக் குளத்தில் டைல்ஸ் ஒட்டி முடியவில்லையாம்.
என்னைப் பார்க்காமல் குனிந்து
செருப்பை வரிசையாக்கினார்.
எட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.
கயிறு மட்டும் இல்லை.
மெகபூப் ஜான் சொன்னதை ராத்திரியே செய்திருக்கிறார்.
கொக்கிகள் நான்கு நான்காய்
இரண்டு சுவரிலும் சும்மா நின்றன.

விசில் ஊதியதும் எல்லாரும் ஒன்றாய்க் குதித்தார்கள்.
குறுக்கே வந்தவன் மேல் மோதினான் ரெங்கபிரபு,
அவன் தோளில் இடித்தாள் அஃப்ரின்,
இடித்த இடத்திலேயே நின்று
இரண்டு பேரும் தண்ணீரைத் துப்பிச் சிரித்தார்கள்.
மாஸ்டர் ஸ்டாப்வாட்சை அழுத்தினாரா, தெரியவில்லை.
அழுத்தியிருந்தாலும் யாருக்கென்று நிறுத்துவார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து
அடுத்த மாதத்துக் கட்டண நோட்டைத் திறந்தேன்.
பெயர், தேதி, தொகை,
அதற்கடுத்து ‘லேன்’ என்றொரு கட்டம்,
நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.
இருபத்திரண்டு பெயர் எழுதியாகிவிட்டது.
பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நிற்கிறது.
தெறித்த தண்ணீரில்
முதல் இரண்டு வரி ஊறிவிட்டது.